வெர்லீன் நீட்டிய கை

பள்ளிக்கூட முனையில் நின்று பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பதுதான் வெர்லீன் ஆலினின் வேலை. அவளுக்கு எதற்கு விசில் கொடுத்தார்கள் என்று ஃப்ளாட்புஷ் வட்டாரத்தில் யாருக்கும் புரிந்ததில்லை. அவள் ஒரு அதட்டல் போட்டால் லாரியே நின்றுவிடும். அதே தெருவில் பிறந்து வளர்ந்த கர்ட்டிஸ், இரவல் கேமராவோடு படமெடுக்க வந்தபோது நேராக அவளைத்தான் தேடி வந்தான்.

"மிஸ் வெர்லீன், நம்ம கறுப்பு ஆளுங்களுக்கும் கொரியாக்காரங்க கடைக்கும் நடக்கிற தகராறுதான் கதை. உங்களுக்கு ஒரே சீன். கடைக்காரர் மீதிச் சில்லறைய உங்க கையில தராம மேசையில வைப்பார். நீங்க தெருவே அதிர்ற மாதிரி கத்தணும்."

"என் மூஞ்சி தெரியுமாடா?"

"முழுசா தெரியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சர்ச் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் திரையில் முகம் என்றால் சும்மாவா! கண்ணாடி முன் அவள் கத்திப் பழகியதில் மாடிவீட்டுக்காரர் இரண்டு முறை பதறி இறங்கி வந்தார்.

கடைக்காரராக நடிக்க நிஜக் கடைக்காரர் க்வோனே ஒப்புக்கொண்டார். வினை அங்கேதான். தெரியாத பெண்ணின் கையைத் தொடுவது மரியாதை இல்லை என்று வளர்ந்த மனிதர் அவர். பதினோரு வருடங்களுக்கு முன், கடை திறந்த முதல் நாள், சில்லறையை மேசையில்தான் வைத்தார். கறுப்புத் தோலைத் தொட அவருக்குக் கூசுகிறது என்று தெரு நினைத்தது. வெர்லீனும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அன்று அவள் கத்தவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போக, கையை நீட்டியபடி நின்றாள். கடைசியில் காசு கைக்கு வந்தது. மறுநாளும் அதே கதைதான். இப்போது அவருக்கு வேறு மாதிரி கொடுக்கவே வராது.

கேமரா ஓடியது. க்வோன் சில்லறையை அவள் கையில் வைத்தார்.

"மேசையில சார்!" என்றான் கர்ட்டிஸ்.

மறுபடியும் கையில்தான். ஐந்தாவது முறையும் கையில்தான்.

"வேணும்னே பண்றியாய்யா? சர்ச்சுல என் மானம் போயிடும்!"

"கைய நீட்டுறியேம்மா! நீட்டின கையில வைக்காம இருந்துட்டு, யாரு உங்கிட்ட வாங்கிக் கட்டிக்கிறது?"

மிச்சமிருந்தது ஒரே ஒரு ஃபிலிம் சுருள். இந்த முறை க்வோன் கண்ணை இறுக மூடிக்கொண்டு காசை மேசையில் போட்டார். பிறகு, அடி விழுமோ என்று ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். வெர்லீனுக்குச் சிரிப்பு பீறிட்டது. தொப்பி கழன்று விழும் வரை சிரித்தாள். சுருளும் தீர்ந்தது.

சர்ச் கூடத்தில் படம் போட்டார்கள். அவள் முகம் வரவே இல்லை; சிரித்த முகத்தைக் கர்ட்டிஸ் வெட்டிவிட்டிருந்தான். கை மட்டும் வந்தது. மேசையில் காசு, பக்கத்தில் விரித்த உள்ளங்கை. அது காத்திருந்தது. காத்துக்கொண்டே இருந்தது.

"எங்கடி உன் மூஞ்சி?" என்று பின்னாலிருந்து சர்ச் தோழி ஐயோனி கிசுகிசுத்தாள்.

வெர்லீன் மடியில் கிடந்த கையைத் திருப்பி, பதினோரு வருடங்களுக்கு முன் அவமானத்தை விழுங்கிக்கொண்டு நீட்டிய அந்த உள்ளங்கையைப் பார்த்தாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த க்வோன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அன்னிக்கு இப்படியா இருந்துச்சு?"

"இப்படித்தான்யா இருந்துச்சு."

அவர் பாக்கெட்டைத் துழாவி ஒரு காசை எடுத்து, இருட்டில் தடவித் தேடி, அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.