எரியாத மோட்டாருக்குக் கூலி

என் அப்பாவும் சித்தப்பாவும் கொழிஞ்சாம்பாறையில் எரிந்த மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றி ‘காயில்’ கட்டும் கடை வைத்திருந்தார்கள். கோடையில் கிணற்று மோட்டார்கள் எரியும். மாட்டு வண்டியில் கொண்டுவந்து கடைமுன் இறக்குவார்கள். வரிசை நீண்டால் எங்கள் வீட்டில் கறி வேகும். எரிந்த வார்னிஷ் நாற்றம் எனக்கு அதனாலேயே பிடிக்கும்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் சித்தப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. தோட்டத்துக்காரர்கள் அறுவடைக்கு அறுவடை கடையில் ஒரு மூட்டை கடலைக்காய் தந்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை நாமே போய் மோட்டாரைப் பார்க்க வேண்டும். அப்படியும் எரிந்தால் கூலி கிடையாது. சரியாகும்வரை ஓட்டிக்கொள்ளக் கடை மோட்டார் ஒன்றும் கொடுக்க வேண்டும்.

“எரியாத மோட்டாருக்கு எவன்டா கூலி குடுப்பான்?” என்றார் அப்பா.

“எரியாம இருக்கறதுக்குத்தானுங்கண்ணா குடுப்பாங்க. அவிங்களுக்கு வேணும்ங்கறது தண்ணி. காயிலா?”

அப்பா மூன்று நாள் கணக்குப் போட்டுப் பார்த்தார். நான்காம் நாள், “நட்டம் வந்தா உன்ற பங்குல” என்று சொல்லி ஒப்புக்கொண்டார். பதினோரு தோட்டங்கள் சேர்ந்தன. சித்தப்பா சைக்கிளில் கிணறு கிணறாகச் சுற்றினார். கிரீஸ் வைத்தார், பியூஸில் தடித்த கம்பியைச் சுற்றியவர்களோடு சண்டை போட்டார்.

கோடை வந்தது. கடைமுன் ஒரு மோட்டார்கூட இல்லை. அப்பா பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். கடை நொடித்துவிட்டது என்றே நினைத்தேன். பள்ளிக்குப் போகும் வழியில் மாரியம்மன் கோயில் முன் நின்று, எல்லார் மோட்டாரும் எரியட்டும் என்று ஒரு வாரம் வேண்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் அந்தப் பதினோரு தோட்டத்துக்காரர்களில் ஒருவர் வண்டியை விரட்டிக்கொண்டு வந்தார். “ஏனுங்க, மோட்டாரு பொகைஞ்சு நின்னுபோச்சுங்க. கடலை காய் புடிக்கற நேரமுங்க.”

நான் துள்ளிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் ஓடினேன். “அப்பா! மோட்டாரு எரிஞ்சுபோச்சு!”

சித்தப்பாவின் முகம் செத்துவிட்டது. அப்பா பாதிச் சோற்றில் எழுந்தார். தம்பியை ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். “கடை மோட்டார ஏத்துடா. அவரு கடலக்காடு காயக்கூடாது” என்றார்.

இருவரும் இருட்டுவதற்குள் திரும்பினார்கள். தண்ணீர் பாய்ந்துவிட்டதாம், பக்கத்துத் தோட்டத்துக்காரர் மூவர் அதைப் பார்த்து அங்கேயே மூட்டைக் கணக்கில் சேர்ந்துகொண்டார்களாம்.

“கூலி எவ்வளவுங்கப்பா?” என்றேன்.

“ஒண்ணுமில்ல அம்மிணி” என்றார் அப்பா. சித்தப்பா சிரித்தார். பிறகு அப்பாவும் சிரித்தார்.

அரைநாள் உழைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து சிரிக்கிற இவர்களுக்கு வியாபாரம் தெரியவில்லையே என்று அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.