அவருக்காக நான் எழுதிய பதில்கள்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்து ஆசிரியையானவள் நான். எனக்கு நிச்சயித்த அந்தோனி கடற்றொழிலாளி, எழுதத் தெரியாது. குருநகர்க் கத்தோலிக்கக் கோவிலில், மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய எங்கள் திருமண அறிவித்தலை இரண்டு ஞாயிறு வாசித்த பிறகு, மணமக்களுக்கான வகுப்புக்குப் போனோம். அங்கே கேள்வித்தாள் தந்தார்கள். மற்றவர்கள் முன் அவர் வெட்கப்படக் கூடாதென்று அவருடைய தாளையும் நானே நிரப்பினேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வகுப்பு நடத்திய பங்குச் சுவாமி அதை வாசித்தார். "கலியாணத்துக்குப் பிறகும் மனுசி படிப்பிக்கலாம் எண்டு எழுதியிருக்கிறீர், அந்தோனி. சந்தோசம்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை, சுவாமி. முல்லைத்தீவுக் கடற்கரையிலை வாடி போட்டுத் தங்கி மீன்பிடிக்கேக்கை அவவும் வரவேணும். ஆறு மாதம் அங்கை ஆர் எனக்குச் சமைக்கிறது?"

"டீச்சர், கறிச்சட்டிக்கை சோக்குக்கட்டியைப் போட்டிடாதேங்கோ!" என்று பின்னாலிருந்த ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஊருக்கெல்லாம் அறிவித்தாயிற்று, இனி எப்படி விலகுவது?

"ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுங்கோ. அதுவரைக்கும் மூண்டாம் அறிவித்தல் வாசிக்கமாட்டன்" என்றார் சுவாமி.

வெளியே வந்து, அவருடைய விருப்பம் என்னவென்று முதன்முறையாகக் கேட்டேன்.

"இதை முதலே கேட்டிருக்கலாமே, டீச்சர்" என்றார்.

பள்ளி விடுமுறையில் மட்டும் நான் வாடிக்குப் போவதென்று முடிவாக மூன்று கிழமை பிடித்தது.

இப்போதும் அவருடைய கடிதங்களை நான்தான் எழுதுகிறேன். அவர் சொல்வது எனக்குப் பிடிக்காவிட்டாலும், சொன்னபடியே எழுதுகிறேன்.