பெயரும் நட்சத்திரமும்

அறுபதுகளில் செம்பூரில் ஒரு ஸ்டுடியோவில் நடிகர்களின் உடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வீடு தாராவியில். தமிழில் பெரும் புகழோடு இருந்த ஒரு நடிகை, இந்திப் படத்துக்காக மதராஸிலிருந்து அங்கே வந்தார். இந்தி வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு என்னிடம் சொல்லிப் பார்ப்பார். பன்னிரண்டு வயதில் ஆட வந்தவராம். அதன்பின் ஒரு தீபாவளிக்குக்கூட வீட்டில் இருந்ததில்லையாம்.

“அண்ணாச்சி, ‘வாரிய, போறிய’ன்னு உங்க ஊர்ப் பேச்சு ஏதாவது பேசுங்க. காது கொஞ்சம் ஓயட்டும்” என்று கேலி செய்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை படப்பிடிப்பில் மயங்கி விழுந்தார். ரத்தத்தில் கோளாறு, பிழைப்பது கஷ்டம் என்றார்கள். பெரிய டாக்டர்களே கையை விரிக்கும்போது இஸ்திரிக்காரன் என்ன செய்வேன்? மாட்டுங்கா கோயிலுக்குப் போனேன். குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார். சுவரொட்டியில் கண்ட பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் தெரியவில்லை.

விபூதியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அறை வாசலில் அவருடைய அம்மா இருந்தார். விவரம் சொன்னதும், அது சினிமா கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர், தான் வைத்தது வேறு என்றார். இல்லாத ஒருத்திக்கு அல்லவா வேண்டிக்கொண்டு வந்திருக்கிறேன். சரியான பெயரும் நட்சத்திரமும் சொன்னால் இப்போதே திரும்பிப் போகிறேன் என்று கும்பிட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பேரு, நட்சத்திரம் ரெண்டையும் கேட்டுட்டு வரச் சொல்லி யாருப்பா உன்னை அனுப்பினா? எவளோ செய்வினை வெச்சுத்தானே எம்பொண்ணு இப்படிக் கெடக்கா.”

“எம்பிள்ளைய மேல சத்தியம்மா, நானாத்தான் வந்தேன்.”

விபூதியையும் வாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் வீட்டிலும் பிள்ளைகளின் ஜாதகத்தை வெளியாள் கண்ணில் காட்டமாட்டோம்.

மறுவாரம் நடிகையை மதராஸுக்கே கொண்டுபோனார்கள். நான் மறுபடி கோயிலுக்குப் போனேன். யார் பெயருக்கு என்றார் குருக்கள். பின்னால் வரிசை நெருக்கியது. சுவாமி பெயருக்கே செய்துவிடட்டுமா என்று அவரே கேட்டார். தலையாட்டினேன்.

“சாமி பேருக்குச் செஞ்சா அவுகளுக்குப் போய்ச் சேரும்லா?” என்று கேட்டாள் என் மனைவி. சேரும் என்றேன். வேறென்ன சொல்ல?

பதினைந்து நாள் கழித்து, அவர் படத்தில் உடுத்திய பட்டுப் பாவாடையை வேறொரு நடிகையின் இடுப்புக்குப் பிடித்துத் தைத்து எடுத்துவந்தார் தையல்காரர். மதராஸில் அவர் இறந்துபோனதைத் தையல்காரர்தான் சொன்னார். ஷாட் ரெடி என்று வெளியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.