தங்கைக்குப் பள்ளி தேடிய நாள்

என் தங்கை செல்விக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க இன்று அம்மாவுடன் நானும் போனேன்.

முதலில் கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளி. "பேசாத பிள்ளைய எப்படிம்மா சமாளிக்கது?" என்றார் தலைமையாசிரியை.

எதிர் வகுப்பில் லீடர், பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அம்மா அதைக் காட்டி, "எம் பிள்ள பேரு அதுல ஒருநாளும் வராது டீச்சர்" என்றாள்.

இடம் கிடைக்கவில்லை.

அடுத்து காது கேளாதோர் பள்ளி. ஆசிரியை சைகையில் ஏதோ கேட்டார். அதன்பின் செல்வியின் கைகள் நிற்கவே இல்லை. அம்மா உடனே விண்ணப்பம் வாங்கிவிட்டாள்.

ஆசிரியை என் பக்கம் திரும்பி, "ஏட்டி, எந்நேரமும் புஸ்தகமும் கையுமாவே இருக்கியாம்ல? இவகூட விளையாட மாட்டேங்கியாமே!" என்றார்.

செல்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். சைகை மொழி கற்றுத்தரும் புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா?