முன் சீட்டும் சகலையின் ஸ்கேனரும்

என் சகலை ஈஸ்வரமூர்த்தியைப் பற்றி யாரைக் கேட்டாலும் தங்கமான மனிதர் என்பார்கள். கேட்கும்போதே எனக்கு வயிறு எரியும். தாராபுரத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். என் மனைவி லோகப்பிரியாவின் தங்கையைக் கட்டியவர். செருப்பு வாங்கப் போனால் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நாலு நடை நடந்து பார்ப்பார். கத்தரிக்காயைக்கூடக் காம்பைத் திருப்பிப் பார்க்காமல் கூடையில் போடமாட்டார். இந்த மனுசனோடு எப்படித்தான் உன் தங்கை குடும்பம் நடத்துகிறாளோ என்று லோகப்பிரியாவிடம் கேட்டேன். "அவ குடுத்து வெச்சவ" என்றாள்.

நான் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை நடத்துகிறேன். மாமியார் தெய்வாத்தாள் எங்களோடுதான் இருக்கிறார், என் வீட்டுச் சோறுதான் சாப்பிடுகிறார். ஆனால் அமாவாசைக்கு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போக மட்டும் தாராபுரத்திலிருந்து அந்த உரக்கடைக்காரர் வண்டி வரவேண்டும்! வாசலில் நிற்கும் என் காரைத் தாண்டிப் போய், அவர் காரின் முன் சீட்டில் ஏறி உட்காருவார் என் அத்தை. அந்தச் சீட்டு ஒரு காலத்தில் என் காரில் இருந்தது.

ஒருமுறை என் வண்டி கிணத்துக்கடவு தாண்டி நின்றுவிட்டது. உச்சி வெயிலில் அத்தை புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஈஸ்வரமூர்த்தி ஸ்கேனர் வாங்கினார். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால், வண்டிக்கு என்ன கோளாறு என்பதை ஒரு நம்பராகச் செல்போனில் காட்டும். கட்டைவிரல் அளவுதான். அதற்கும் அதே கத்தரிக்காய்ப் பரிசோதனை. கடைக்காரரைத் தன் கார் வரைக்கும் கூட்டிவந்து, செருகிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாராம். "நம்ம வண்டியோட பேசுதான்னு பாக்கோணுமல்லங்க? நமக்கு வேண்டியதச் சொன்னாப் போதுமுங்க" என்றார். அத்தை உருகிப்போனார். "சின்ன மாப்பிள்ளை வண்டிய டாக்டராட்டம் பாத்துப்போட்டுத்தான் எடுக்கறாரு" என்று தெரு முழுக்கச் சொன்னார்.

டாக்டராம்! யூரியா விற்கிறவர் டாக்டர். இரும்போடு மல்லுக்கட்டுகிற நான் கம்பவுண்டர்கூட இல்லை.

நானும் ஒன்று வாங்கினேன். பிரேக், ஏர்பேக், ஆட்டோமேட்டிக் கியர் என்று எல்லாவற்றையும் பார்க்கும் என்றார்கள். அதில் பாதி என் பழைய டீசல் வண்டியில் இல்லவே இல்லை. அதையெல்லாம் நான் எங்கே யோசித்தேன்? அவருடையதைவிடப் பெரிதா என்று மட்டும் பார்த்தேன். பெரிதுதான். டிபன் கேரியர் அளவுக்குப் பெட்டி, தனித் திரை, சிவப்பு உறை. அத்தை கண்ணில் படவேண்டும் என்று டிவி பக்கத்தில் வைத்தேன்.

"இதென்னங்க மாப்பிள்ளை, பிரஷர் பாக்கறதுங்களா?" என்றார்.

போன அமாவாசைக்கு முந்தின நாள் சகலை போன் செய்தார். "அண்ணா, கடைக்கு லோடு வருதுங்க. நாளைக்கு அத்தைய நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

கூட்டிட்டுப் போறேனாவா! அன்றைக்கே வண்டியைக் கழுவி, முன் சீட்டுக்குப் புது உறை போட்டேன்.

காலையில் வண்டியைக் கிளப்பினால் இன்ஜின் லைட் எரிகிறது. எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே அத்தை தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். பெட்டியைச் செருகினேன். ஏதோ நம்பர் வந்தது. அதைப் படிக்க யாருக்குப் பொறுமை? அழிக்கிற பட்டன் கீழேயே இருந்தது. அமுக்கினேன். லைட் அணைந்தது.

"பாத்தியா லோகு, சரி பண்ணிப்போட்டேன்!"

"சரி பண்ணுனீங்களா, லைட்ட அணைச்சீங்களா?" என்றாள். இவள் வாயில் எனக்கு நல்ல வார்த்தை என்றைக்கு வந்தது?

அத்தை முன் சீட்டில் உட்கார்ந்தார். உக்கடம் தாண்டும்வரை எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கிணத்துக்கடவு. அதே பாழாய்ப்போன கிணத்துக்கடவு! லைட் திரும்ப எரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. ஓரம்கட்டி நான் பெட்டியைச் செருகுவதற்குள் அத்தை சின்ன மாப்பிள்ளையைப் போனில் பிடித்துவிட்டார். கொஞ்ச நேரம் ஏதோ பேசிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"நம்பர் என்னங்கண்ணா காட்டுது?"

படித்தேன்.

"டர்போவுல இருந்து வர்ற காத்து பத்தலீங்க. ஏதோ ஓஸ் பைப்பு கழண்டிருக்கும், பாருங்க. காலைலயும் இதே நம்பருங்களா?"

"காலைல… அழிச்சுப்போட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவால்லீங்கண்ணா" என்றார்.

பானட்டைத் திறந்தேன். ஓஸ் கழன்று தொங்கியது. அதை மாட்டியது நான். கிளிப்பை முறுக்கியது நான். சட்டையெல்லாம் கரியாக்கிக்கொண்டதும் நான்தான். வண்டி பறந்தது. அத்தை கன்னத்தில் கைவைத்துச் சொன்னார்: "தாராபுரத்துல உக்காந்துட்டே வண்டிய ஓட வெச்சுப்போட்டாரு பாருங்க!"

மாசாணியம்மன் கோயிலில், தங்களுக்கு அநியாயம் நடந்தால் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுவார்கள். பொருளைக் களவு கொடுத்தவர்கள்தான் அதிகம் வருவார்கள். நான் நேரே போய் மிளகாயோடு உட்கார்ந்தேன். "தாயே, இந்த ஈஸ்வரமூர்த்தி இருக்கிறானே…" என்று ஆரம்பித்தேன். என்ன செய்தான் என்று சொல்லவேண்டும் அல்லவா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். என் முன் சீட்டை எடுத்துக்கொண்டான் தாயே என்றேன். அவளுக்கே சிரிப்பு வந்திருக்கும். எனக்கு வரவில்லை. ஆத்திரத்தோடு அரைத்தேன்.

அத்தை பக்கத்தில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "சின்ன மாப்பிள்ளைக்காவத்தான அரைக்கிறீங்க? அவரு ஸ்கேனரு களவு போனது உங்களுக்கும் தெரியுங்களா?"

"களவா?"

"கார்ல இருந்து எவனோ எடுத்துட்டுப் போயிட்டானாமுங்க. லோடு வருதுன்னு உங்ககிட்டச் சும்மா சொல்லிருக்காரு, வழில வண்டி நின்னப்பத்தான் போன்ல உண்மையச் சொன்னாரு. வண்டியப் பாக்காம என்னைய ஏத்த மனசு வரலியாம். 'அண்ணங்கிட்டப் பெரிய மெசினு இருக்குது, இனி அவருகூடவே போங்கத்தை'ங்கறாரு."

ஆக, அந்த முன் சீட்டும் அவர் பார்த்துக் கொடுத்ததா! மிளகாயைவிட அதுதான் எரிந்தது.

"நல்லா அரைங்க மாப்பிள்ளை, எடுத்தவனுக்கு எரியட்டும்" என்றார் அத்தை. அரைத்ததைக் கல்லில் பூசினேன். "அந்தச் சாமான் கிடைக்கோணும் தாயே" என்று அத்தை வாய்விட்டு வேண்டினார். கிடைக்கவே கூடாது தாயே என்று நான் வாய்க்குள் வேண்டினேன். வேண்டிய கையோடு வேர்வையைத் துடைக்கிறேன் என்று கண்ணைத் துடைத்துவிட்டேன்.

எவ்வளவு கழுவியும் எரிச்சல் அடங்கவில்லை. திரும்பி வரும்போது அத்தை என் பக்கத்தில், முன் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். போனில் சின்ன மாப்பிள்ளையோடு பேச்சு. "மூத்தவரு உங்களுக்காவக் கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட அரைச்சாருங்க." அந்தப் பக்கம் "அண்ணா…" என்று குரல் தழுதழுத்தது. நான் ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு வண்டியை ஓட்டினேன்.