அந்த ஃபைலைக் கொண்டுவந்தது யார்

சங்கரன்கோவிலில் நான் வேலை பார்ப்பது சேலை மொத்த வியாபாரக் கடை. நாலு மணிக்கு டீ வந்ததும் எல்லோரும் முதலாளி மேஜையைச் சுற்றி நிற்போம். பாராட்டோ ஏச்சோ, அப்போதுதான் விழும்.

அன்றைக்கு என் முறை. கடை கம்ப்யூட்டர்களில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டவள் நான். அதனால் எலி வயரைக் கடித்தாலும் என் தலைதான் உருளும். முதலாளியின் திரையில் 'ரிமோட்' என்று ஏதோ ஒரு புரோகிராம் ஓடுவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. யாரோ வெளியே இருந்து பார்க்கிறார்கள் என்று அவரே முடிவுகட்டிவிட்டார்.

"புது டிசைனையெல்லாம் எந்தக் கடைக்கு அனுப்புத, பிள்ள?"

பேக்கிங் செய்யும் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கடையிலிருந்து ஒரு ஊக்குகூட எடுத்துப் போனதில்லை நான். வேலை போனால் போகட்டும். திருடி என்ற பெயரோடு இந்த ஊரில் எப்படி நடமாடுவது? கிளாசை வாங்கி, ஒரு வாய்கூடக் குடிக்காமல் மேஜையில் வைத்தேன்.

அந்தப் புரோகிராமை அழித்துவிட்டு வீட்டுக்குப் போ என்றார் முதலாளி. அழிக்க மாட்டேன் என்றேன். அழித்தால் நான்தான் வைத்தேன் என்று ஆகிவிடும்.

லினக்ஸில் ஒரு புரோகிராமின் ஃபைல் பெரும்பாலும் ஏதாவது ஒரு பேக்கேஜோடு, அதாவது மொத்தமாக ஏற்றுகிற ஒரு தொகுப்போடுதான் வரும். எது எதைக் கொண்டுவந்தது என்று சிஸ்டத்தையே கேட்கலாம். அவரை எழச் சொல்லிவிட்டு அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். dpkg -S என்று அடித்து, அந்த ஃபைல் இருக்கும் இடத்தை முழுசாகச் சேர்த்து, எண்டரைத் தட்டினேன். ஒரே வரியில் பதில் வந்தது: பார்கோடு பிரிண்டரின் டிரைவர் பேக்கேஜ்.

அந்தப் பிரிண்டரை மதுரையில் வாங்கிவந்து, நான் கடையநல்லூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் ஆள் வைத்து மாட்டியவர் முதலாளியேதான். வேறு அறையில் இருந்தபடி பிரிண்டரைக் கவனிக்கிற புரோகிராம் அது, அவ்வளவுதான். வாசித்துக் காட்டினேன்.

"சரி, விடு. போய் வேலையப் பாரு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் எழுந்திருக்கவில்லை.

"ஏசும்போது எல்லாருக்கும் கேக்குத மாதிரித்தான ஏசுனீங்க அண்ணாச்சி? இதையும் அப்படியே சொல்லுங்க. அதுவரைக்கும் இந்தச் சேர்ல இருந்து எந்திரிக்க மாட்டேன்."

திருவேங்கடத்திலிருந்து சரக்கு எடுக்க வந்த வியாபாரி ஒருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். டீயில் ஆடை படிந்தது. கடைசியில் முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பிள்ளை ஒன்றும் பண்ணவில்லை, தான் வாங்கிய பிரிண்டரால் வந்த வினை என்றார். சத்தம் போதாது என்றேன். மறுபடியும் சொன்னார், இந்தமுறை வாசல்வரைக்கும் கேட்டது.

அப்புறம்தான் கிளாசை எடுத்தேன். டீ ஆறிப்போய்ப் பச்சைத்தண்ணீராக இருந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.