தீச்சட்டிக்குத் துணை போனவர்

எங்காவது தூரத்தில் 'டம்' என்று கேட்டால் சுகிர்தா முதலில் அடுப்பை அணைக்கிறார். ஈரக் கையோடு மொட்டை மாடிக்கு ஓடி, சிவகாசித் திக்கையும் சாத்தூர்த் திக்கையும் மாறி மாறிப் பார்க்கிறார். புகை தெரியவில்லை என்றால், "கல்குவாரி வெடிதான்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இறங்கி வருகிறார். கீழ் வீட்டில் இருக்கும் எனக்கு அந்தக் காலடிச் சத்தம் பழகிவிட்டது. இந்த மண்ணில் பிறந்த நாங்கள் சத்தம் கேட்டால் ஒரு கணம் பேச்சை நிறுத்துவோம். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். அவருக்கு அது இன்னும் வரவில்லை.

சொந்த ஊர் தரங்கம்பாடிப் பக்கம். கணவர் விக்னேஷ்வரன் தீயணைப்புத் துறையில் வேலை பார்க்கிறார். மாற்றலாகி விருதுநகருக்கு வந்து எங்கள் மாடியில் குடியேறி ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். வந்த புதிதில் சுகிர்தாவுக்கு எல்லாமே ஆச்சரியம், எல்லாமே புகார். பரோட்டாவை எண்ணெயில் பொரித்தெடுப்பதைக் கடை வாசலில் நின்று வாய் பிளந்து பார்த்தார். "வாய்க்கால்ல குதிச்சுக் குளிச்சவ நான். இங்க லாரி வந்தாதான் குளியலே" என்பார். யாராவது "சாப்பிட்டீகளா?" என்று கேட்டால், அதை அப்படியே ஒருமுறை சொல்லிப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அவருக்குப் பொய் சொல்ல வராது. என் வீட்டுக் குழம்பைக் கொடுத்தனுப்பினால், கிண்ணத்தைத் திருப்பித் தரும்போதே "புளி தூக்கலா இருந்துச்சு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கணவர் பணிக்குப் போயிருக்கும் நேரங்களில் வெடிச் சத்தம் காதில் விழ வேண்டுமே என்று டிவியில் படம் மட்டும் ஓடும், சத்தம் இருக்காது.

புது ஊரில் ஒட்டிக்கொள்ள இருவரும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் எங்கே திருவிழா நடந்தாலும் போய்விடுவது. "வீட்டுக்குள்ளயே இருந்தா கடைசிவரைக்கும் விருந்தாளிதான்" என்பது விக்னேஷ்வரனின் கட்சி. ஆனால் கூட்டம் கூடும் இடத்தில் தீயணைப்பு வண்டியும் நிற்க வேண்டுமே. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரன்று சுகிர்தா கூட்டத்துக்குள்ளே நின்றார். கணவர் தெருமுனையில் சிவப்பு வண்டியோடு நின்றார். இருக்கன்குடியிலும் அதே கதைதான். "ரெண்டு பேருமா போறோம்னு பேரு. நான் அம்மனப் பாக்குறேன், அவர் கரண்டு வயரப் பாக்குறாரு."

விருதுநகர்ப் பங்குனிப் பொங்கல் திருவிழா வந்தது. எங்கள் எதிர்வீட்டுப் பொன்மணி தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தார். அவர் கணவர் சங்கிலிமுத்துவுக்கு சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை. போன தீபாவளி சீசனில் அவருடைய வலது கை வெந்துபோனது. கை தேறினால் சட்டி எடுக்கிறேன் என்பது பொன்மணியின் நேர்த்தி. கை தேறிவிட்டது. அதே கையோடு அவர் அதே ஆலைக்குத் திரும்பியும் போய்விட்டார்.

"நீ கூட வா தாயி," என்று பொன்மணி சுகிர்தாவைக் கூப்பிட்டார். "ஒம் புருசன் தீய அணைக்கிறவரு. நீ பக்கத்துல நடந்தா எனக்கு ஒரு தெம்பு."

சுகிர்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் முறையாக வேடிக்கை பார்க்க அல்லாமல் ஒரு திருவிழாவுக்குள்ளே போகிறார். மஞ்சள் சேலை கட்டி, தோளில் ஒரு துணிப்பை மாட்டிக்கொண்டார். பையில் சட்டியில் போட விறகுச் சிராய், சட்டிக்கு அடியில் வைக்க வேப்பிலை, பொன்மணியின் கைபேசி. நானும் பின்னால் நடந்தேன்.

வெயில் ஏறியிருந்தது. தார்ச்சாலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும் கால் சுட்டது. "ஆகோ! அய்யாகோ!" என்ற குரல் தெருவை நிறைத்தது. முன்னும் பின்னும் தீச்சட்டிகள். தெருமுனையில் நின்ற தீயணைப்பு வண்டியைக் கடக்கும்போது விக்னேஷ்வரன் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். பின்னால் சைரன் அலறியது. கூட்டம் ஒதுங்கி வழிவிட, அந்த வண்டி எங்களைத் தாண்டி வேகமெடுத்துப் போனது. சுகிர்தாவின் கைபேசி அடித்தது, விக்னேஷ்வரன்தான். கேட்டார். "ம்" என்று மட்டும் சொல்லி வைத்தார். பின்தங்கி என் காதோரம் வந்தார்.

"முத்து அண்ணன் வேல பாக்குற எடத்துல வெடிச்சிருச்சாம். உள்ள ஆள் மாட்டியிருக்காங்களாம். கோயில் வரைக்கும் அக்காகிட்ட சொல்லாதேங்கிறாரு."

பொன்மணி சட்டியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார். "வண்டி எங்கன போகுது?"

"தெரியலக்கா."

அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது. அதன் பிறகு அவர் பைக்குள் கைவிட்டார். சிராய்க்குப் பதில் வேப்பிலையை எடுத்துத் தீயில் போட்டார். குப்பென்று புகை கிளம்பியது. பொன்மணி இருமினார். தெரு ஒரு திருப்பம் திரும்பியது. அந்தத் திருப்பம் வரைக்கும்தான் சுகிர்தாவால் முடிந்தது.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். அண்ணன் கம்பெனியிலதான் வெடி. அண்ணனப் பத்தி ஒண்ணும் தெரியல. சட்டிய எறக்கிருவோம். ஆட்டோ பிடிச்சுப் போயிரலாம்."

பொன்மணி நின்றார். ஒரு கங்கு தெறித்து ஈரத் தரையில் விழுந்து சுரீரென்று அணைந்தது. பின்னால் வந்தவர்கள் "நகருங்க, நகருங்க" என்று சத்தம் போட்டார்கள்.

"எறக்க மாட்டேன்," என்றார் பொன்மணி. "அவருக்காக எடுத்தது. அவரு என்ன ஆனாருன்னே தெரியாம எப்படி எறக்குவேன்? நீ போனப் போடு. போட்டுக்கிட்டே வா."

ஆலைக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அது எங்கள் மூவருக்கும் தெரியும். ஆனாலும் சுகிர்தா பொன்மணியின் கைபேசியிலிருந்து திரும்பத் திரும்ப அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பொன்மணியின் உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் வரவில்லை. மேளம் அடிப்பவர்கள் ஒன்றும் அறியாமல் உச்சத்தில் அடித்தார்கள். நான் சட்டியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அந்தக் கைபேசியையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கோயில் கண்ணுக்குத் தெரிந்தபோது அது ஒலித்தது. பெயரில்லாத எண். சுகிர்தா ஸ்பீக்கரைப் போட்டு, தீயின் வெக்கையைப் பொருட்படுத்தாமல் கையை நீட்டி, பொன்மணியின் காதோடு சேர்த்துப் பிடித்தார்.

"ஏ பொன்மணி, நாந்தேன்! லோடு ஏத்த வெளிய வந்திருந்தேன். எனக்கு ஒண்ணுமில்ல."

"மத்தவுக?"

அந்தப் பக்கம் யாரோ கூவிக் கூவி அழுவது மட்டும் கேட்டது.

"எங்கூட வேல பாக்குற மாரிசாமி உள்ள இருந்தான்."

பொன்மணிக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. சுகிர்தா முந்தானையால் துடைத்துவிட்டுக்கொண்டே நடந்தார். சட்டியைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டுத் திரும்பிய பொன்மணி, சிவந்துபோன உள்ளங்கைகளை விரித்தபடி கேட்டார். "ஒம் புருசனுக்குப் போட்டியா தாயி?"

அப்போதுதான் சுகிர்தா தன் கைபேசியை எடுத்துக் கணவரை அழைத்தார். அப்படியே தெருவோரத்தில் உட்கார்ந்தார். ஒரு அறை வெடித்தால் அடுத்த அறையும் வெடிக்கலாம் என்பதை இந்த ஒரு வருஷத்தில் அவரும் கற்றிருந்தார். விக்னேஷ்வரன் எடுக்கவில்லை. பொன்மணி அவரை அணைத்துக்கொண்டார். இருவர் மேலும் வேப்பிலையும் புகையும் மணந்தன.

பொழுது சாயும் நேரத்தில் விக்னேஷ்வரன் வந்தார். பட்டாசு மருந்தின் வெள்ளித் தூள் முடியிலும் புருவத்திலும் படிந்து, வேறு யாரோ போல இருந்தார். சுகிர்தா அவரைத் தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார வைத்து, வெள்ளி கரைந்து ஓடும் வரை தலையில் தண்ணீர் ஊற்றினார்.

மறுநாள் ஊரில் தேர். நாங்கள் தேருக்குப் போகவில்லை. என் காரில் மாரிசாமியின் கிராமத்துக்குப் போனோம். தெருவை அடைத்துப் பந்தல். சங்கிலிமுத்து முன்னரே வந்து பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார். பொன்மணி பெண்களோடு போய்க் கட்டிக்கொண்டு அழுதார். சுகிர்தாவும் கூடவே போனார். யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு தோள்கள் விலகி அவருக்கு இடம் கொடுத்தன.

விக்னேஷ்வரன் மட்டும் எதிர்ச்சாரியில் ஒரு வேலியோரம் நின்றுவிட்டார். நான் கையசைத்துக் கூப்பிட்டேன். தலையை ஆட்டி மறுத்தார். சற்று நேரத்தில் சுகிர்தா அவரைத் தேடி வெளியே வந்தார்.

"உள்ள வாங்க."

"நான்தான் அவரத் தூக்கிட்டு வந்தேன், சுகி. உள்ள வந்தா அவங்க கேப்பாங்க, எப்படிக் கெடந்தாருன்னு."

தெருவே பார்த்துக்கொண்டிருக்க, சுகிர்தா அவருடைய மணிக்கட்டை இறுகப் பிடித்து, பந்தலுக்குள் அழைத்துக்கொண்டு போனார்.